கருத்து மோதலில் நிதானம்



இந்த மாதப் பாடம் கோபத்தைப் பற்றியது. பத்துப் பதினஞ்சு பேர் கூடி உட்காரும் இடத்தில் கருத்து வேறுபாடு வராமல் இருக்காது. வருவது தப்பும் இல்லை. அதை எப்படிப் பேசித் தீர்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் குழு நிலைப்பதும் உடைவதும். குழு உடைந்தால் சேமிப்பு முடங்கும், வங்கிக் கடன் நின்றுபோகும், மறுபடியும் கந்துவட்டிதான்.

கோட்டைப்பட்டினம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த வீட்டுப் பெண், "ரெண்டு மாசத்துக்குத் தவணையை நிறுத்தி வைங்க அக்கா" என்கிறார். தையல் வேலை பார்க்கும் இன்னொருவர், "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். கட்டலைன்னா அபராதம்" என்கிறார். ரெண்டு பேர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் குரல் உயர்ந்துவிட்டால் அந்த நியாயம் யார் காதிலும் விழாது.

1. முதலில் உடம்பு அடங்கட்டும்

கோபம் வந்தால் நெஞ்சு படபடக்கும், முகம் சூடாகும், மூச்சு வேகமாகும். அந்த நேரத்தில் எதிராளி சொல்வதைக் கேட்டு யோசிக்கும் சக்தி குறைந்துவிடும். "மனசுல இருக்கறதைக் கொட்டித் தீர்த்தா ஆறிடும்" என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் பிராட் புஷ்மேன் என்ற மனநல ஆய்வாளர் 2002-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே மூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தணிந்தது.

ஜான் காட்மேன் என்ற இன்னொரு ஆய்வாளர், வாக்குவாதம் செய்த தம்பதிகளை நடுவில் நிறுத்தி, அரை மணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார். மறுபடி பேசத் தொடங்கியபோது இதயத் துடிப்பு குறைந்திருந்தது, பேச்சும் நல்லபடியாக இருந்தது.

நம் கூட்டத்திலும் இதைச் செய்யலாம். சத்தம் கூடினால் ஊக்குநர், "இதை அப்புறம் பேசுவோம், முதல்ல சேமிப்பு வரவை எழுதுவோம்" என்று வேலையை மாற்றிவிடலாம். அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவரிடம் அதே சண்டையைக் குசுகுசுக்கக் கூடாது. அப்படிப் பேசினால் ஆறாது.

2. "எப்படி?" என்று கேளுங்கள்

நமக்கு ஒரு விஷயம் முழுசாகத் தெரியும் என்று நினைப்போம். விளக்கச் சொன்னால்தான் தெரியாதது தெரியும். ஜிப், பூட்டு போன்ற சாதாரணப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டார்கள். தெரியும் என்றவர்கள், விளக்கி எழுதிய பிறகு தங்கள் அறிவுக்குத் தாங்களே மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். இந்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது.

"ஏன் அப்படிச் சொல்றே?" என்று கேட்டால் ஆள் தன் பக்கத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். "அதை எப்படிச் செய்யலாம்?" என்று கேட்டால் ரெண்டு பேரும் யோசிப்பார்கள். தவணையை நிறுத்தினால் வங்கிக்குக் கட்ட வேண்டியதை எப்படிக் கட்டுவது? அபராதம் போட்டால் வருமானம் இல்லாதவர் அதை எங்கே வாங்கிக் கட்டுவார்? இப்படிப் பேசினால் "அந்த ரெண்டு மாசமும் வட்டி மட்டும் கட்டட்டும், அசலை ஜூலையிலிருந்து சேர்த்துக் கட்டட்டும்" என்பது போன்ற மூன்றாவது வழி கண்ணில் படும்.

3. நம்ம கடல் சொல்லும் பாடம்

விசைப்படகின் இழுவை வலை நாட்டுப்படகுக்காரர் விரித்த வலையை அறுத்துப்போடும். இதனால் பாக் நீரிணைப் பகுதியில் 1970-களில் பெரிய மோதல்கள் நடந்தன. அதன்பின் ஒரு ஏற்பாடு வந்தது. வாரத்தில் மூன்று நாள், அதாவது திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. ரெண்டு தரப்பும் ஒரே மனசாக ஆகிவிடவில்லை. மீறல் புகார்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் யார் சரி, யார் தப்பு என்று முடிவாகாமலேயே, எந்த நாள் யாருக்கு என்று முடிவு செய்ய முடிந்தது. குழுவிலும் எல்லோரும் ஒரே கருத்துக்கு வரவேண்டியதில்லை. எல்லோரும் மதிக்கும் ஒரு தீர்மானம் போதும்.

ஒரு எச்சரிக்கை

நிதானம் என்றால் வாயை மூடிக்கொண்டு போவது இல்லை. "பொம்பளைதானே, பொறுத்துப் போ" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கணக்கு நோட்டு காட்டாவிட்டாலோ, கேட்காமல் கையெழுத்துப் போட்டாலோ கட்டாயம் கேட்க வேண்டும். "கணக்கைப் பார்க்கணும், நோட்டை எடுங்க" என்று அழுத்தமாகச் சொல்லலாம். அதற்குத் திட்டத் தேவையில்லை. கேட்டதையும் பதிலையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

* நம் குழுவில் தீராமல் இருக்கும் பிரச்சினை எது? அதில் எதிர்த் தரப்பு சொல்வதை, அவர்களே "ஆமா, அதைத்தான் சொன்னோம்" என்று ஒத்துக்கொள்ளும்படி நம்மால் சொல்ல முடியுமா?
* கோபம் வரும்போது உங்கள் உடம்பில் முதலில் தெரியும் அறிகுறி என்ன?
* தடைக்காலத் தவணைக்கு நம் குழு என்ன தீர்மானம் போடலாம்? ஏப்ரல் வருவதற்கு முன்பே, மனசு அமைதியாக இருக்கும்போது, இதைப் பேசி எழுதி வைத்துவிடுங்கள்.