துனி என்னுஞ் சொல்

சினம் எழுந்து அடங்கும். துனியோ அகத்தே ஊறி முகத்தை இருளச் செய்யும். பரிமேலழகரும் புலவி இளையதெனவும் துனி முதிர்ந்ததெனவும் குறளுரையிற் பகுத்தனர். ஆதலின், ‘அவன் துனிகொண்டு எவரோடும் உரையாடாதிருந்தான்’, ‘மகவைக் கண்டதும் அவள் துனி தீர்ந்தாள்’ என்றெழுதுதல் ஏற்புடைத்து. ‘சண்டேசர் துனியால் மழு எறிந்தார்’ என்பது பிழையாம். ஆண்டுச் சினமே உரிய சொல்.

இதற்கு யாம் காட்டுஞ் சான்று அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் உள்ளது. முதலாம் இராசேந்திரன் எடுத்த அத்திருக்கோயிலின் வடவாயிலருகே, இறைவன் மாலை சூட்டச் சண்டேசர் கைகூப்பித் தலைதாழ்த்தி அமர்ந்துள்ளார். சிவபூசை இடர்ப்பட எழுந்த சினம் இடர் நீங்கியவுடன் ஒழிந்தமையின், அத்திருமுகத்தில் இருளில்லை. துனியோ ‘யான்’ என்னும் ஆணவத்தைப் பற்றி நெடிது நிற்பது. அதனை அகத்தே வைத்துக்கொண்டு திருமுன் நிற்பார்க்கு வழிபாடு எங்ஙனம் கைகூடும்?