வரைவு விதிக்குக் கருத்து எழுதப்போகும் இளம் வழக்கறிஞருக்கு



அமெரிக்க மாநிலம் ஒன்றின் துப்பாக்கிப் பயிற்சி, உரிம வரைவு விதிகளுக்குக் கருத்துரை எழுதும் பொறுப்பு முதல்முறையாக உங்களிடம் வந்திருக்கிறது. பயிற்சி இல்லாதவர் கைக்குத் துப்பாக்கி போகக் கூடாது என்பதில் உங்களுக்குள்ள உறுதி எனக்கும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இந்தக் கருத்துரையில் நடத்தாதீர்கள். அது சட்டமன்றத்தில் நடந்து முடிந்துவிட்டது. இப்போது மேசைமேல் இருப்பது அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதி. இந்த விதி வேண்டும் என்கிறவர்தான் அதை மற்ற எல்லாரையும்விடக் கடுமையாகச் சோதிக்க வேண்டும். நடைமுறையில் நிற்காத பயிற்சி விதி முதலில் தோற்கடிப்பது பயிற்சி வேண்டும் என்று போராடியவர்களைத்தான்.

சட்டம் பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடும். எந்தச் சான்றிதழ் உள்ளவர் ஆசிரியர், எங்கே சுட்டுக் காட்ட வேண்டும், சான்றிதழ் எத்தனை நாள் செல்லும், பதிவேடு யார் கையில் என்பதெல்லாம் விதியில்தான் தீர்மானமாகும். மேரிலாந்தைப் பாருங்கள். 2013இல் வந்த சட்டம், கைத்துப்பாக்கி வாங்க ஒரு தகுதி உரிமம் வேண்டும், அதற்கு நான்கு மணி நேரப் பயிற்சி வேண்டும், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்று காட்ட வேண்டும் என்றது. குறைந்தது ஒரு தோட்டாவையாவது சுட்டுக் காட்ட வேண்டும் என்று சேர்த்தது மாநிலக் காவல்துறை எழுதிய விதி. ஒரே ஒரு தோட்டாதான். ஆனால் அதைச் சுடுவதற்கு இடம் வேண்டும். வகுப்பறையில் முடிந்திருக்கக்கூடிய பயிற்சி, சுடுதளம் தேடிப் போகும் பயணமாகிவிடுகிறது. கார் இல்லாத நகரவாசிக்கு அது ஒருநாள் கூலியையும் சேர்த்து விழுங்கும். அந்த ஒரு தோட்டா தேவை என்றே நானும் நினைக்கிறேன். தேவை என்றால் அதைச் சுட இடம் எங்கே என்பதையும் விதி சொல்லியாக வேண்டும்.

இடம் சொல்லாத விதிக்கு என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ நகரமே சாட்சி. 2010 ஜூன் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்நகரின் கைத்துப்பாக்கித் தடை நிலைக்க முடியாமல் போயிற்று. நான்கே நாளில் நகர மன்றம் புதிய ஒழுங்குமுறையை நிறைவேற்றியது. நான்கு மணி நேர வகுப்பு, ஒரு மணி நேரச் சுடுதளப் பயிற்சி இரண்டும் முடித்தால்தான் உரிமம் என்றது. அதே ஒழுங்குமுறை நகர எல்லைக்குள் பொதுமக்களுக்கான சுடுதளங்கள் அனைத்தையும் தடைசெய்தது. பயிற்சி கட்டாயம், ஆனால் பயிற்சி பெற நகரத்துக்குள் இடமே கிடையாது. 2011இல் ஏழாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், எசல் வழக்கில், இந்தத் தடையை நிறுத்திவைக்கச் சொன்னது. விபத்து நேரும், திருட்டு நடக்கும் என்று நகரம் வாதாடியது. அதற்குப் புள்ளிவிவரமோ ஆய்வோ எதையும் காட்ட முடியவில்லை. பிறகு தடைக்குப் பதிலாக மண்டலக் கட்டுப்பாடுகள் வந்தன. 2017இல் அதே நீதிமன்றம் அவற்றையும் ஆராய்ந்தது. நகரப் பரப்பில் சுமார் 2.2 சதவீதத்தில் மட்டுமே, அதுவும் ஏட்டளவில், சுடுதளம் அமைக்க முடியும். அன்றுவரை பொதுமக்கள் போகக்கூடிய ஒரு சுடுதளம்கூடத் திறக்கப்படவில்லை. அந்தக் கட்டுப்பாடுகளும் விழுந்தன. ஆறேழு ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்தன. வரைவு நிலையிலேயே யாராவது ஒருவர் வரைபடத்தை விரித்து, ‘எங்கே போய்ச் சுடுவார்கள்?’ என்று கேட்டு, அந்தக் கேள்விக்கு நகரம் செவிசாய்த்திருந்தால் இவ்வளவும் மிச்சம்.

ஆகவே உங்கள் கருத்துரையை ஒரு விண்ணப்பதாரரின் கால்களால் நடந்து பார்த்து எழுதுங்கள். இரவு வேலை பார்க்கும் ஒரு மருத்துவமனை ஊழியர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கவுண்டியில் அங்கீகாரம் பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர், வகுப்பு எந்தக் கிழமைகளில், கட்டணம் எவ்வளவு, ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் உண்டா, விண்ணப்பத்தை அலுவலகம் கிடப்பில் போட்டால் அவர் எங்கே முறையிடுவது என்று வரிசையாகக் கேளுங்கள். விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, எந்தச் சொல் அந்த ஊழியரைத் தடுக்கிறது என்று காட்டி, அந்த இடத்தில் என்ன வாசகம் வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக்கொடுங்கள். கோபத்தை அதிகாரி கோப்பில் வைத்துவிடுவார். மாற்று வாசகம் கையில் இருந்தால் அதை ஏற்பதா மறுப்பதா என்று அவர் யோசித்தாக வேண்டும்.

பாடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் விடாதீர்கள். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வடகிழக்கு மாநிலங்களில் 20 அடிப்படை வகுப்புகளில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கவனித்தார்கள். தற்கொலைத் தடுப்பைப் பற்றிப் பேசிய வகுப்புகள் மிகச் சில. 2022இல் நியூயார்க் நிறைவேற்றிய சட்டம் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும் கேட்கிறது; பாடப் பட்டியலில் தற்கொலைத் தடுப்பையும் பத்திரமாகப் பூட்டிவைப்பதையும் பெயர்சொல்லிச் சேர்த்திருக்கிறது. உங்கள் வரைவு மணிக்கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆசிரியரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால், சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அது தொடாமலே போய்விடும்.

உங்கள் தோழர்கள் சிலர் மறுப்பார்கள். விதியின் ஓட்டைகளை நாமே காட்டினால் எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்பார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஓட்டையை எப்படியும் கண்டுபிடிப்பார். நீதிமன்றத்தில் அவர் காட்டினால் விதி விழும், வரைவில் நீங்கள் காட்டினால் திருத்தலாம். ஆயிரக்கணக்கில் ஒரே கடிதத்தை அனுப்பினால் போதாதா என்பார்கள். எண்ணிக்கை சட்டமன்ற உறுப்பினரை அசைக்கும். ஆனால் விதி எழுதும் அதிகாரி வாக்கு எண்ணுகிறவர் அல்லர், ஒரே வாசகம் ஆயிரம் முறை வந்தாலும் அவருக்கு அது ஒரே வாதம்தான்.

மூன்றாவது மறுப்பு கனமானது. தடை இருப்பதே உயிரைக் காக்கும், எளிதாக்க வேண்டியதில்லை என்பது அது. இதில் உண்மை உண்டு. வாங்குவதற்கு முன் அனுமதி வேண்டும் என்று 1995இல் கொண்டுவந்த கனெக்டிகட்டில் துப்பாக்கிக் கொலைகள் குறைந்ததையும், அப்படிப்பட்ட சட்டத்தை 2007இல் கைவிட்ட மிசோரியில் கூடியதையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அந்தச் சட்ட மாற்றங்களோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அளந்தது பின்னணிச் சோதனை முதல் அனுமதி வரையிலான முழு ஏற்பாட்டை. பயிற்சிக்கு ஆள் அலைவதுதான் உயிர் காத்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. மேலும், 2022 ஜூனில் புரூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பின்னணிச் சோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கும் உரிம முறைகளை ஐயப்படவில்லை என்று அடிக்குறிப்பில் சொல்லிவிட்டு, நீண்ட காத்திருப்பும் தாங்க முடியாத கட்டணமும் சாதாரண மக்களின் உரிமையை மறுக்குமானால் வழக்குக்கு இடமுண்டு என்றும் சேர்த்தது. மேரிலாந்தின் தகுதி உரிமம் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முன் விழுந்தது, விண்ணப்பதாரரைக் காத்திருக்க வைக்கும் நாட்களைப் பற்றிய வாதத்தில்தான். 2024 ஆகஸ்டில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மீட்டது. பிழைத்தது, ஆனால் எவ்வளவு அருகில் போய்ப் பிழைத்தது என்று பாருங்கள். கட்டணமும் நாட்களும் உங்கள் கருத்துரையில் ஓரக்குறிப்பாக இருக்கக் கூடாது.

கருத்துக் கேட்புக் காலம் சில வாரங்கள்தான். முதல் வாரத்தை எழுதுவதில் செலவிடாதீர்கள். பயிற்றுநர்களையும் சுடுதள உரிமையாளர்களையும் விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களையும் போய்க் கேளுங்கள். அவர்களில் பலர் உங்களோடு உடன்படாதவர்களாக இருப்பார்கள், அவர்களிடமிருந்துதான் விதியின் பலவீனம் தெரியவரும். கேட்டதைச் சரிபார்த்து, எண்ணோடு எழுதுங்கள். நீங்கள் விரும்பும் விதி நீதிமன்றத்திலும் நிற்க வேண்டும், ஏழையின் வாசலிலும் நிற்க வேண்டும். அப்படி ஒரு விதியை எழுத அந்த அதிகாரிக்கு உதவுங்கள்.