பூச்சியின் உமிழ்நீரும் பயிரின் தற்காப்பும்

காஞ்சீபுரத்துத் தறிகளில் ஓடும் பட்டிழை, உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து புழு வெளிவிடும் பொருளேயாகும். அப்புழுவின் வாயடியிலுள்ள நூற்குழாய் கூடு கட்டுங் காலத்தில் மட்டும் வேலை செய்வதன்று. இலையைத் தின்னும்போதும் ஒருவகை நீரை அதன்மேற் கசியவிடுகிறது. அந்நீரின் பயன் இன்னதென்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2018-ம் வருஷத்தில் வெளியிட்டனர்.

முசுக்கட்டை இலையைக் கசக்கினால் பச்சை வாசனை எழும். புழு கடித்தாலும் அவ்வாறே. இவ்வாசனையைக் கொண்டு, புழுவினுள் வளர்ந்து அதைக் கொல்லும் ஒருவகை ஈ அவ்விடத்தைத் தேடி வந்து முட்டையிடும். நூற்குழாய் நீக்கப்பட்ட புழுக்கள் தின்ற இலைகளில் வாசனை மிகுந்தது. குழாயுள்ள புழுக்கள் தின்றவற்றில் வாசனையும் குறைந்தது, ஈயின் முட்டைகளும் குறைந்தன. வாசனையாக மாறவேண்டிய பொருளை, அந்நீரிலுள்ள ஒரு நொதி முன்னதாகவே வேறொன்றாக மாற்றிவிடுகிறது. கன்னமிட வந்தவன் முதலில் நாயின் வாயைக் கட்டுவது போன்றது இது.

முசுக்கட்டைத் தோட்டத்தில் இத்தந்திரம் மனிதனுக்கு லாபம், நெல்வயலிலோ பெருநஷ்டம். ஏரிப்பாசனக் குடியானவர் புகையானை நன்கறிவர். தூரின் அடியில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் இப்பூச்சியால் வயல் வட்டவட்டமாகப் புகைபட்டாற்போல் தீய்ந்துபோகும். இதன் உமிழ்நீர் இருவகைப்படும். ஒன்று உடனே இறுகி, ஊசிபோன்ற வாயைச் சூழ்ந்து உறையாகிறது, மற்றது நீர்த்தது. குத்துப்பட்ட பயிர், தன் திசுக்களிற் சுண்ணச்சத்தின் அளவை உயர்த்தி அபாயத்தை அறிவித்துக்கொள்கிறது. சாற்றுக்குழாய்களையும் ஒருவகைப் பிசின்போன்ற பொருளால் அடைக்கிறது. நீர்த்த உமிழ்நீரிலுள்ள ஒரு புரதம் அச்சுண்ணச்சத்தைப் பற்றிக்கொண்டு அறிவிப்பை அடக்கிவிடுவதாக 2017-ல் சீனத்தில் கண்டனர்.

ஆயினும் உமிழ்நீரே பூச்சியைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. எதிர்ப்புத்தன்மை வாய்ந்த நெற்பயிர், அவ்வுமிழ்நீரிலுள்ள வேறொரு புரதத்தை இனங்கண்டு தற்காப்பைத் தொடங்குவது 2023-ல் தெளிவாயிற்று. ஆகவே விதைத் தெரிவே முதற்காவல். சென்னை மாகாண அரசாங்கம் 1927-ல் நிறுவிய பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிடிபி 33 என்னும் வகை, புகையானை எதிர்ப்பதில் பேர்பெற்று, புதுவகைகளை உண்டாக்குவோருக்கு இன்றும் தாய்வகையாக உதவுகிறது.

தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இடுதல், பூச்சிக்கு விருந்து வைப்பதாகும். பிரித்துப் பிரித்தே இடவேண்டும். நடவில் 8 அடிக்கு ஓரடி இடைவெளி விடுதல் நலம். பூச்சியைக் கண்டமாத்திரத்தில் மருந்து தெளிப்பவர் சிலந்திகளைக் கொன்று புகையானைப் பெருக்குகின்றனர். தூர்களை விலக்கி அடிப்பாகத்தைப் பார்த்து, கிளை ஒன்றுக்கு ஒரு பூச்சி வீதம் இருந்தால் மட்டுமே மருந்தைக் கருதலாம். சிலந்திகள் காணப்படின் இரண்டு வரை பொறுக்கலாம். அதற்கும் முன்னர் வயலில் தேங்கிய நீரை வடித்துவிடுக.