மாசி பிறந்தாச்சு, ரெண்டு பேருமா மாடி ஏறுங்க

தங்கச்சி, படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உப்பிக்கிட்டு வருது, அடுத்த மாசம் புதுசா அடிக்கப் போறோம்னு நீ போனில் சொன்னதில் இருந்து எனக்கு அதே நினைப்புதான். இப்போ அடிக்காதே. தண்ணி எந்த வழியா வருதுன்னு தெரியாம அடிக்கிற பெயிண்ட் அடுத்த ஐப்பசி வரைக்கும்கூட நிக்காது.

2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் நம்ம பக்கம் கொட்டின மழையை நீயே பார்த்திருக்கே. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. அன்னிக்குப் பாளையங்கோட்டையில் எங்க கூடத்து ஃபேன் கொக்கி வழியா சொட்டுச் சொட்டா தண்ணி இறங்குச்சு. மழை விட்டதும் வந்த கொத்தனார் ஃபேனுக்கு நேர் மேலே மாடியைக் கொத்திப் பூசிட்டுப் போனார். அடுத்த மழையில் அதே கொக்கியில் அதே சொட்டு. அதுக்கப்புறம்தான் உன் அத்தானும் நானும், மாசி வரட்டும், நாமளே பார்த்துடுவோம்னு முடிவு பண்ணினோம்.

மாசி ஏன்னா, மழை ஓய்ஞ்சு தை வெயிலில் தளம் காய்ஞ்சிருக்கும். பங்குனி கடைசிக்கு மேலே மாடியில் கால் வைக்க முடியாது. ரிப்பேர் வேலைக்கு நமக்குக் கிடைக்கிறது இந்த ரெண்டு மாசம்தான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க நாங்க செஞ்சதைச் சொல்றேன், அப்படியே செய்யுங்க. மழைத்தண்ணி இறங்குற குழாயைப் பழைய துணியால் அடைச்சோம். மாடி முழுக்கத் தண்ணி கட்டாம, களிமண்ணால் சின்ன வரப்பு போட்டுப் பகுதி பகுதியா கட்டினோம். 100 சதுர அடியில் ஒரு இஞ்ச் தண்ணி நின்னாலே சுமார் 235 லிட்டர், அதாவது 235 கிலோ. பழைய வீட்டுத் தளத்தில் கூடுதலா ஏத்தக் கூடாது. உங்க வீட்டுக் கூரையில் கம்பி வெளியே தெரிஞ்சா இதைச் செய்யவே செய்யாதீங்க, இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நாள் முழுக்கத் தண்ணி நிக்கணும். அதுவரைக்கும் அந்த அறைக்குப் போற கரண்டை மெயினிலேயே நிறுத்தி வைக்கணும்.

மூணாவது பகுதியில் கட்டின ராத்திரி தண்ணி வர்ற வழி தெரிஞ்சுது. அத்தான் ஏணியில் நின்னு டார்ச் அடிக்க, நான் கீழே ஏணியைப் பிடிச்சிருந்தேன். கொக்கியைச் சுத்தி வெள்ளையா இருந்த கூரை மெல்ல சாம்பல் நிறமா மாறுச்சு. அவர் விரலை வெச்சுப் பார்த்துட்டு, "சில்லுன்னு இருக்கு"ன்னார். நாங்க தண்ணி கட்டினது ஃபேனுக்கு மேலே இல்ல. எட்டடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருற மூலையில். அங்கே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அது வழியா இறங்கின தண்ணி, கூரைக்குள்ளே ஒயர் போற குழாயைப் பிடிச்சு ஓடிக் கொக்கியில் வந்து சொட்டியிருக்கு. ஒழுகுற இடம் வேற, ஓட்டை இருக்கிற இடம் வேறன்னு அன்னிக்குத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது.

அந்த மூலையை உளியால் கொஞ்சம் அகலமா வெட்டி, தூசி போக பிரஷ்ஷால் தட்டி, நனைச்சு, வாட்டர்புரூஃப் மருந்து கலந்த சிமெண்டால் அடைக்கணும். மூலையைச் சதுரமா விடாம, கை வெச்சு வழிச்ச மாதிரி உருட்டிப் பூசினா தண்ணி தங்காது. அப்புறம் சாக்கை நனைச்சு மேலே போட்டு ஏழு நாள் ஈரம் காயாம வைக்கணும். ரெண்டே நாளில் எல்லாரும் விட்டுடுறாங்க, அதனால்தான் பூசின இடமே திரும்ப வெடிக்குது. காலையில் நீயும் சாயங்காலம் உன் வீட்டுக்காரரான தம்பியும்னு தண்ணி தெளிக்கிறதைப் பிரிச்சுக்கோங்க. ஏழு நாள் கழிச்சு மறுபடி தண்ணி கட்டிப் பாருங்க.

இனி சுவருக்கு வா. ஒன்றரை அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, சுவரில் ஒரு நாள் விட்டு வை. தாளோட உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தா சுவர் இன்னும் காயலை. வேர்க்காத வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் சுரண்டிப் பட்டி பார்த்து பெயிண்ட் அடி. பங்குனியில் அடிச்சாலும் பரவாயில்லை.

மழைக்காலத்தில் கதவு இறுகுச்சுன்னு இழைக்கச் சொல்லிட்டியான்னு தெரியலை. இழைக்கலைன்னா விட்டுடு. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். கார்த்திகையில் இழைச்ச கதவு பங்குனியில் விரலிடுக்கு அளவு சந்து காட்டும். இப்பவும் இறுகினா மட்டும் ஆசாரியைக் கூப்பிடு. கீல் ஆடுதுன்னா திருகாணி ஓட்டை பெருசாகியிருக்கும். ஈர்க்குச்சியை ஃபெவிகாலில் தோய்ச்சு ஓட்டைக்குள்ளே இறுக்கி, மட்டமா ஒடிச்சு, ஒரு நாள் கழிச்சு திருகாணியை முடுக்கு. சின்ன வேலைதான், ஆனா வருஷக்கணக்கில் நிக்கும். உங்க தூத்துக்குடி உப்புக்காத்துக்கு ஜன்னல் கம்பி துருப்பிடிக்கத்தான் செய்யும். முதலில் நல்ல தண்ணியில் கழுவி உப்பைப் போக்கிக் காய விடு. அப்புறம் உப்புத்தாள் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, அது காய்ஞ்ச பிறகு பெயிண்ட்.

குழாய் ஒழுகினா வாஷர் மாத்துறதைத் தம்பி பழகிக்கட்டும். புதுக் குழாய் போடும்போது டெஃப்லான் டேப்பை, மரையை முடுக்குற திசையிலேயே சுத்தணும். எதிர்ப்பக்கமா சுத்தினா முடுக்க முடுக்க டேப் பிரிஞ்சு வரும். கரண்ட் வேலை மட்டும் ரெண்டு பேருமே தொட வேண்டாம். மெயின் பெட்டியில் டெஸ்ட்டுன்னு எழுதின பொத்தானை மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. கரண்ட் டப்புன்னு போகணும். போகலைன்னா அன்னிக்கே எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லு.

உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லணும். ஒருத்தர் ஏணியில் நிக்கும்போது வேலையைத் தவிர வேற பேச்சு வேண்டாம். நாத்தனார் வீட்டு விசேஷம், கடன் தவணை எல்லாம் அவர் தரைக்கு இறங்கின பிறகு பேசலாம். அப்புறம், ஒரு நோட்டு போடு. எந்தச் சுவருக்கு என்ன நம்பர் பெயிண்ட், எந்தத் தேதியில் தொட்டி கழுவினது, வாஷர் அரை இஞ்ச்சா முக்கால் இஞ்ச்சான்னு எழுதி வை. "நீங்கதானே சொன்னீங்க", "நீதானே சொன்னே" எங்க வீட்டில் பாதியா குறைஞ்சதுக்கு அந்த நோட்டுதான் காரணம்.

மாடித் தோட்டத்தைத் தளம் பூசின பிறகுதான் தொடணும். விரிசல் மேலே செடித்தொட்டி வெச்சா தினமும் தண்ணி விட்டு வளர்க்கிறது விரிசலைத்தான். தொட்டிகளைச் சுவர் ஓரமா, செங்கல் மேலே தூக்கி வை. அடியில் தண்ணி ஓடணும், உன் துடைப்பமும் போகணும். தட்டு வெச்சா வாரம் ஒரு நாள் கண்டிப்பா கவிழ்த்திடு. டெங்கு கொசு முட்டையில் இருந்து பறக்கிற வரைக்கும் வளர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

மாசிப்பட்டத்துக்கு வெண்டை, கத்தரி, கொத்தவரை, பாகல் எல்லாம் வரும். முதல் வருஷம் வெண்டையும் கீரையும் போதும். செம்மண், மக்கின தொழு உரம், ரெண்டு மூணு தடவை அலசின தேங்காய் நார்த்தூள் மூணும் சமமா கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடு. வெண்டை விதையை ராத்திரி ஊறவெச்சுக் காலையில் ஊனு. 45 நாளில் காய் வந்துடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலைன்னா முத்திடும். கீரை விதையை மணலோட கலந்து தூவினா ஒரே இடத்தில் குமியாது. போர் தண்ணி உப்பா இருந்தா இலை ஓரம் கருகும். அதனால் நாத்துக்கு வல்லநாட்டில் இருந்து வர்ற ஆத்துத் தண்ணியையும், அரிசி கழுவின தண்ணியையும் ஒதுக்கி வை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளி. இலையோட அடிப்பக்கம் நனையணும். உங்க குண்டுமல்லியை இப்போ வெட்டிடாதே. அதுக்குக் கவாத்து கார்த்திகையில். இப்போ மொட்டு வைக்கிற நேரம்.

எல்லாம் முடிஞ்சு பங்குனியில், வெறும் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுடுங்க. ராத்திரி அறையோட சூட்டில் வித்தியாசம் தெரியும். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணியில் போடும்போது கொதிச்சுத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டு, முகத்தைத் தள்ளி வெச்சுக்கச் சொல்லு தம்பியை.

வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம். ஏணியையும் உளியையும் அத்தான் கொண்டு வருவார். மழைக்குழாயை அடைக்க ரெண்டு பழைய துணி மட்டும் எடுத்து வை.