பூட்டிய வீடு

அடி அண்ணாமலை, திருவண்ணாமலை,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

நீ அனுப்பிய படத்தையெல்லாம் பார்த்தேன். நல்ல மனைதான். கிழக்குப் பார்த்த வாசல், நின்றால் எதிரே மலை, வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவிலே, கிரிவல ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். வேறு எதற்காக வாங்குவதாக இருந்தாலும் இந்த அத்தை வாயைத் திறந்திருக்க மாட்டேன். படத்தோடு ஒரு குரல் செய்தி அனுப்பினாயே, "இன்னொரு லாக்டவுன் வந்தாலும் ஓடி வர நமக்குன்னு ஒரு இடம் இருக்கும் அத்தை" என்று, அதைக் கேட்டதும்தான் ராத்திரித் தூக்கம் போனது. போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் கிராம சுகாதார செவிலியர் வேலை பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அந்தத் தலைகளை எண்ணுவது எங்கள் வேலை. வீடு வீடாகப் போய் எழுதுவோம்: எத்தனை பேர், யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு. பூட்டுத் தொங்கினால் "பூட்டிய வீடு" என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பூட்டிய வீடு என்றால் அது கூரை வீடு. வீட்டுக்காரர் கரும்பு வெட்டப் போயிருப்பார், இல்லையென்றால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு. நான் ஓய்வு பெறும்போது பூட்டியிருந்ததெல்லாம் மாடி வீடு. மெட்ராஸ்காரர் வீடு, ஐதராபாத்காரர் வீடு, வெள்ளைக்காரர் ஆறு மாதம் வாடகைக்கு இருந்துவிட்டுப் போன வீடு. கேட் இருக்கும், கேமரா இருக்கும், எங்கள் பதிவேட்டில் மட்டும் ஆள் இருக்காது. மாத்திரையும் தடுப்பூசியும் கட்டிலும் அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் ஊருக்கு வரும். இதை மனசில் வைத்துக்கொள், மற்றதைச் சொல்கிறேன்.

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்கு நம் மாநிலத்தில் கொரோனாவுக்காக 144 தடை போட்டார்கள். அன்று நள்ளிரவு நாடே மூடியது. பதினாலு நாள் கழித்துப் பங்குனிப் பௌர்ணமி. பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் ராத்திரி கிடையாது. மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் கிரிவல ரோடும் தலையாக இருக்கும். அந்தப் பங்குனியில் நிலா மட்டும் மலையைச் சுற்றிவிட்டுப் போனது. நான் மாடியில் நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எதிர் வீட்டு அம்மாவுக்கு அது அழகில்லை. அவள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பூவும் கற்பூரமும் விற்கிறவள். மூலிகை சூப் விற்கிறவன், டீக்கடைக்காரன், ஆட்டோக்காரன், தட்டு ஏந்துகிற சாது என்று இந்த ரோட்டில் ஒவ்வொருத்தருக்கும் மாதத்தில் அந்த ஒரு ராத்திரிதான் பெரிய வரும்படி. ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் வந்தது. அப்புறம் ஏறக்குறைய இரண்டு வருஷம் கிரிவலத்துக்குத் தடை, நடுவில் கொஞ்சம் விட்டு விட்டு. 2020 நவம்பர் 29-ம் தேதி மலை மேல் கார்த்திகை தீபம் ஏற்றினார்கள், கீழே கூட்டமே இல்லை.

வெளியூர்க்காரன் வந்தால்தான் உலை கொதிக்கும். அதே வெளியூர்க்காரன் வந்தால் நோய் வரும். இரண்டும் ஒரே ஆள். இந்தச் சிக்கலைத் தெரிந்துகொள்ளாமல் எங்கள் ஜனங்களைப் பற்றிப் பேசாதே. அந்த நாளில் தமிழ்நாடு முழுக்கக் கிராமத்து வழிகளில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டார்கள், மஞ்சள் தண்ணி தெளித்தார்கள், வேப்பிலை கட்டினார்கள். எங்கள் தெரு முனையிலும் முள் கிடந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஆம்புலன்ஸ் வர வழி விடுங்கடா" என்று மட்டும் சொன்னேன். அந்த ஏப்ரலில்தான் ஒரு சீனரை மலைக் குகையிலிருந்து வனத்துறையினர் இறக்கிக் கூட்டி வந்தார்கள். அவர் நாட்டின் பெயரைக் கேட்டே விடுதிகள் இடம் தரவில்லையாம். பல நாள் குகையிலேயே இருந்திருக்கிறார். எல்லா நாட்டு ஆளுக்கும் காலம் காலமாகச் சோறு போட்ட ஊர் இது. பயம் வந்தால் எந்த ஊரும் இப்படித்தான்.

மே மாதம் கோயம்பேட்டில் தொற்று பரவி, 5-ம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிய பிள்ளைகள் கடலூர், அரியலூர், விழுப்புரம், நம் மாவட்டம் என்று ஊருக்குத் திரும்பினார்கள். எங்கள் தெருப் பையன் ஒருத்தனும் ராத்திரியோடு ராத்திரியாக பைக்கில் வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றான். அவன் பிறந்தபோது தொப்புள் கொடி வெட்டியவள் நான். அவனை வீட்டுக்குள் விடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மோட்டார் கொட்டகையில் பதினாலு நாள் இருக்கவைத்தோம். அப்படி இருக்கச் சொன்னவளும் நான்தான். ஓய்வு பெற்றிருந்தாலும் புதுசாக வந்த செவிலியர் பெண்ணுக்குத் துணையாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். அவன் அம்மா வரப்பு மேல் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். பதினாலு நாளும் பார்த்தேன். தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

இனிமேல் சொல்வதுதான் என்னை அறுப்பது.

ஜூன் 1-ம் தேதி மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். சென்னை தனி மண்டலம். அங்கிருந்து வெளியே வர இ-பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, வைத்தியம் என்று காரணம் சொல்ல வேண்டும். 15-ம் தேதி, சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 19-லிருந்து 30 வரை முழு ஊரடங்கு என்று முதலமைச்சர் அறிவித்தார். அன்று ராத்திரியிலிருந்தே மெட்ராஸ் காலியாகத் தொடங்கியது. இரண்டாம் நாள் விடியற்காலை என் வாசலில் ஒரு கார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாடி வீட்டுக்காரர், அவர் மனைவி, வயசான அப்பா. சாவி என்னிடம்தான் இருந்தது. பாஸ் வைத்தியத்துக்கு எடுத்தார்களாம். என்ன வைத்தியம் என்று நான் கேட்கவில்லை. நல்ல மனுஷர்கள், தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி அனுப்புகிறவர்கள். முள்ளை நானே காலால் ஒதுக்கினேன். சாவியைக் கொடுத்தேன், காபியும் போட்டுக் கொடுத்தேன்.

பஞ்சாயத்துக்குச் சொல்லவில்லை. செவிலியர் பெண்ணுக்குச் சொல்லவில்லை. அன்று மத்தியானமே அவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். மூணு மாதமாகச் சம்பளம் இல்லாமல் இருந்தவள், கூப்பிட்டதும் ஓடினாள். அஞ்சாம் நாள் பெரியவருக்குக் காய்ச்சல். ஸ்வாப் எடுத்தார்கள், பாசிட்டிவ். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார், புண்ணியம். பாத்திரம் தேய்த்த பெண்ணின் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவள் புருஷனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் மாட்டுப் பாலைச் சொசைட்டியில் வேண்டாம் என்றார்கள். பால் ஊற்ற இடமில்லாமல் கன்றுக்கே விட்டாள். ஸ்டிக்கரைக் கிழித்த பிறகும் ஒரு மாதம் குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். மாடி வீட்டுக் குடும்பம் ஜூலை கடைசியில் மெட்ராஸ் திரும்பியது. "உங்க உதவிய மறக்க மாட்டோம்" என்று எனக்கு வாட்ஸ்அப் வந்தது. அவளுக்குப் பதினாலு நாள் கூலி வரவில்லை. கேட்டு வாங்கித் தர எனக்கும் தோன்றவில்லை. அது ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

இந்த ஊரில் பிறந்து, இங்கே ரேஷன் கார்டு வைத்திருந்தவன் மோட்டார் கொட்டகையில். சாவி இருந்தவர் மெத்தையில். எங்கள் முள்ளுக்கும் ஆள் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அந்த முள்ளைக் காவல் காத்தவள் நானாக இருந்ததுதான் கொடுமை.

இது நம் ஊரில் மட்டும் நடந்தது என்று நினைக்காதே. அந்த ஜூலையில் ரஜினிகாந்த் தன் கேளம்பாக்கம் பண்ணை வீட்டுப் பக்கம் காரோட்டிப் போன படம் வந்தபோது, இ-பாஸ் இருந்ததா என்று நாடே கேட்டது. மாநகராட்சி விளக்கம் சொல்லும்படி ஆயிற்று. ஸ்காட்லாந்தில் கேத்தரின் கால்டர்வுட் என்ற தலைமை மருத்துவ அதிகாரி, எல்லாரும் வீட்டிலேயே இருங்கள் என்று டி.வி.யில் சொன்னவர், கடலோரம் இருக்கும் தன் இரண்டாவது வீட்டுக்கு இரண்டு வாரக் கடைசியில் போய்வந்தார். 2020 ஏப்ரல் 5-ம் தேதி வேலையை விடவேண்டி வந்தது. இருவரும் தங்கள் சொந்த வீட்டுக்குத்தான் போனார்கள். நார்வேக்காரர்கள் இன்னும் கறார். அங்கே பாதிக் குடும்பங்களுக்கு மலையில் ஒரு மரவீடு இருக்கும்போல. மார்ச் மாதமே, தன் சொந்த மரவீடாக இருந்தாலும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்று சட்டம் போட்டு ஏப்ரல் 20 வரை வைத்திருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது: சின்ன ஊரின் ஆஸ்பத்திரி அந்த ஊர் ஜனத்தொகைக்குத்தான் கட்டியது என்றார்கள். என் பழைய பதிவேட்டில் இருக்கும் அதே பூட்டிய வீடு.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். 1905 வாக்கில் திருவண்ணாமலையில் பிளேக் வந்தபோது ரமண மகரிஷி மலையடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலில் ஆறு மாதம் போல இருந்தார் என்று அவர் வரலாற்றில் வரும். அப்போது ஜனங்கள் நோய்க்குப் பயந்து திருவண்ணாமலையை விட்டு ஓடினார்கள். நம் காலத்தில் நோய்க்குப் பயந்து திருவண்ணாமலைக்கு ஓடி வந்தார்கள். அப்படி வர ஒரு பத்திரமும் ஒரு காரும் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள், நீ நினைக்கிற மாதிரி.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீ கேட்க மாட்டாய், உன் அப்பா மாதிரி. வாங்கினால் முதலில் பட்டாவை வி.ஏ.ஓ.விடம் காட்டி, ஓடைப் புறம்போக்கு சேர்ந்திருக்கிறதா பார். மலை இன்னும் நன்றாகத் தெரியும் என்று யாராவது சரிவில் மனை காட்டினால் திரும்பிப் பார்க்காதே. 2024 டிசம்பர் 1-ம் தேதி இங்கே வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள், அஞ்சு பேர் குழந்தைகள். இதெல்லாம் உனக்கு யாரும் சொல்வார்கள்.

யாரும் சொல்லாதது இது. மாதம் ஒரு தடவை வந்து, மலையைப் பார்த்து, ஓட்டலில் வாங்கி வந்ததைத் தின்றுவிட்டுப் பூட்டிப் போகிற வீட்டுக்கு ஊர் எதையும் பாக்கி வைத்திருக்காது. வாக்கப்பட்டு வந்த எனக்கே பத்து வருஷம் "வெளியூர்க்காரி" என்றுதான் பெயர். சாவுக்கும் பிரசவத்துக்கும் போய் நின்ற பிறகு அது மாறியது. உனக்கும் ஆடி மாதக் கூழ் ஊற்றும்போது ஒரு வேலை இருக்கும், வா. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு நீ வராத மாதத்துக்கும் சம்பளம் போடு. சுகாதார நிலையத்துச் செவிலியர் பெண்ணின் நம்பரை வாங்கி, உன் பேரையும் உன் அம்மாவின் சர்க்கரையையும் பதிவேட்டில் ஏற்றச் சொல். போர் போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்.

அப்படி ஒரு காலம் மறுபடி வந்தால், கண்ணு, நீ மெட்ராஸிலேயே இரு. அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, உன் பேரில் சிலிண்டர் வருகிறது, மூணாவது மாடியில் கதவைச் சாத்தினால் நீ யாருக்கும் பாரமில்லை. வந்தே ஆகவேண்டும் என்றால் பாதை மூடுவதற்கு முன்னால் வா, போவதும் வருவதுமாக இருக்காதே. அரிசி பருப்பு மாத்திரை எல்லாம் கொண்டுவா. பொய்க் காரணம் சொல்லி பாஸ் எடுக்காதே. வந்தவுடன் செவிலியருக்கு நீயே போன் போடு, பதினாலு நாள் கேட்டைத் தாண்டாதே, உன் பாத்திரத்தை நீயே தேய். முள் கிடந்தால் முள்ளுக்கு அந்தப் பக்கமே நின்று கூப்பிடு. நான் வருவேன். இந்தத் தடவை எந்த ஊர், என்ன காய்ச்சல் என்று கேட்டுவிட்டுத்தான் சாவி.

மாசியில் மனையைப் பார்க்க வருவதாகச் சொன்னாயே. பௌர்ணமியன்று வராதே, வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்கவேண்டி வரும். பஸ்ஸில் வந்தால் ஆட்டோ அனுப்புகிறேன். ஓட்டுகிறவன் கோயம்பேட்டுப் பையன்தான், இப்போது இங்கேயே ஆட்டோ வைத்திருக்கிறான். மனைக்கு அப்புறம் போகலாம். முதலில் அந்த மாட்டுக்காரப் பெண் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். மாடு இப்போது மூன்றாகிவிட்டது. அன்று காபி அங்கேதான். டிகிரி காபிக்குத் தூள் மட்டும் மயிலாப்பூரில் அரைத்து வாங்கி வா, கால் கிலோ.

அத்தை