புதுச்சேரிக் கரையில் இறங்கும் முன்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் ஓட்டலில் பையை வைத்ததும் கேட்பது, "குளிக்க நல்ல பீச் எது?" என்பதுதான். டவுனுக்குள் அப்படி ஒன்று இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். பீச் ரோடு என்று எல்லோரும் சொல்கிற குபேர் சாலை நடப்பதற்கான இடம். மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான். சுண்டல் வாங்குங்கள், 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள், காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களின் வேலைப்பாட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சூரியன் கடலில் மறையும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். இது கிழக்குக் கரை. கடலில் சூரியன் எழுவதைப் பார்க்க விடியற்காலையில்தான் எழுந்து வர வேண்டும்.

சாலையை ஒட்டிக் குவிந்து கிடக்கும் கரும்பாறைகளைப் பார்த்து, ஏதோ எரிமலைத் தீவின் கரை போல இருக்கிறதே என்று வியப்பவர்கள் உண்டு. எரிமலைக் கரை பார்க்க ரியூனியனுக்குத்தான் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் பிரெஞ்சுத் தீவு அது. அங்கே எத்தாங்-சாலே கடற்கரையில் மணலே கறுப்பு. இங்கே இருப்பவை லாரியில் வந்திறங்கிய கருங்கற்கள். ஊரைக் கடல் அரித்துவிடாமல் இருக்கக் கொட்டியவை.

இந்தக் கதை தெரிந்தால்தான் கரையில் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பது புரியும். ஆண்டின் பெரும்பகுதி தெற்கேயிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போவது இந்தக் கடலின் இயல்பு. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்துக்கொண்டன. தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே டவுன் கரை கரைந்தது. கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது, அதற்கு அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடங்கியது. வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே போகப் போகக் கல்வரிசை நீண்டதற்கு இதுதான் காரணம். படகு ஏற்றவும் வலை காயப்போடவும் இருந்த மணலை மீனவர்கள் இழந்தார்கள். 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பு ஒன்றைக் கடலுக்குள் இறக்கிய பிறகே அந்தப் பகுதியில் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது.

வந்த மணலில் நிற்கலாம், குழந்தைகளை விளையாட விடலாம். கடலுக்குள் இறங்க வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகிறது, உள்ளே இழுப்பும் இருக்கிறது. வெளியூர் இளைஞர்கள் இங்கே மூழ்கி இறப்பது செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. அலை உடைகிற இடத்தைவிட, இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் அமைதியாகத் தெரிகிற இடம்தான் பயப்பட வேண்டியது. கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்புகிற வழி அது. அதில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தித் தோற்றுப் போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். பாசி பிடித்த கல் மேல் ஏறி செல்பி எடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ்காரர் விசில் ஊதினால் முறைக்காமல் ஏறி வந்துவிடுங்கள்.

இனி என் விருப்பத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு காலைப் பொழுதுதான் இருக்கிறது என்றால், தெற்கே அரியாங்குப்பம் வழியாக வீராம்பட்டினம் போங்கள். பாரடைஸ் பீச்சுக்குப் போகிற கூட்டத்தில் பாதிக்கு இந்த ஊர் இருப்பதே தெரியாது. விடிந்ததும் ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறும். வலையை மணலில் விரித்து நாலைந்து பேர் உட்கார்ந்து, கண்ணியில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் தெரியும், கொடுக்கு முதலில் உங்கள் விரலைத்தான் பார்க்கும். பக்கத்தில் ஏலம். கூவுகிறவர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார். சுற்றி நிற்கிற பெண்கள் தலையசைப்பிலேயே மீனை எடுத்துவிடுவார்கள். அந்த வட்டத்துக்குள் கேமராவோடு நுழையாதீர்கள். ஒரு நொடி மறைத்தாலும் ஒருவருக்கு அன்றைய வியாபாரம் போய்விடும்.

அவர்கள் நிற்பது பீச் அல்ல, வேலை பார்க்கும் இடமும் வீட்டு வாசலும். அதனால் வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். படகில் செருப்புக் காலோடு ஏற வேண்டாம். பொட்டு வைத்துப் பூ சுற்றியிருப்பதைப் பார்த்தாலே ஏன் என்று விளங்கும். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், சிலர் மீனைத் தூக்கிப் பிடித்து நிற்கவும் செய்வார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஏலம் முடிந்த பிறகு மீன்காரம்மாக்களிடம் சங்கராவோ நெத்திலியோ வாங்கலாம். பேரம் பேசுவது வழக்கம்தான். விலை படிந்து மீனை வெட்டிய பிறகு வேண்டாம் என்று நகர்வதுதான் கேவலம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வலை பின்னுவதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதுமாக இருக்கும். ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் தேர். பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த வழக்கம் தொடர்ந்து, இப்போது துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து இழுக்கிறார்கள். அன்றைக்கு ஊருக்குள் கார் நுழையாது. கடல் பார்க்க வராதீர்கள், தேர் பார்க்க வாருங்கள். அதேபோல மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகன் உட்படப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். கரையில் நீத்தாருக்குத் திதி கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

பக்கத்திலேயே சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் பீச் இருக்கிறது. 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. டிக்கெட், கழிப்பறை, உடை மாற்ற அறை எல்லாம் உண்டு. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அதுவே சௌகரியம். பாரடைஸ் பீச்சுக்குக் கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகுத்துறையில் படகு பிடிக்க வேண்டும். விடுமுறை நாளில் வரிசை நீளும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். படகு போகிற காயல்தான் அழகு. கடற்கரையில் மணல் நன்றாக இருந்தாலும் ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் பொல்லாதது.

ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் கடல் சாந்தமாக இருக்கும், வெயிலும் பொறுக்கும். ஆனால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வருவதும் அதே மாதங்களில்தான். இரவில் மணலில் டார்ச்சோ செல்போன் வெளிச்சமோ அடித்தால் ஏறி வந்த ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்; பொரித்த குஞ்சுகள் கடலை விட்டு ரோட்டு விளக்கைப் பார்த்து நகரும். ஆமைத் தடத்தைக் கண்டால் தோண்டிப் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வடக்கே செரினிட்டி பீச் என்கிற தந்திராயன்குப்பம், அலைச்சறுக்கு கற்கிறவர்களுக்கு ஏற்றது. அங்கே போகிற வழியில் தெரியாமலே எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்துவிடுவீர்கள். புதுச்சேரியில் வாங்கிய மதுப் பாட்டில் வண்டியில் இருந்தால் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள் என்பது ஒரு பக்கம். எந்தக் கரையானாலும் மணலில் குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போவது அதைவிட மோசம். விடிகாலை இருட்டில் அங்கே வெறுங்காலோடு படகைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.