மோட்டாரைக் குறை சொல்ல முன்

கேள்வி: மார்க்கத்தில் குடியிருக்கிறோம். இரண்டு கார் நிற்கிற கராஜ். அகலமான ஒற்றைக் கதவு. போன கிழமை, குளிர் உச்சத்தில் இருந்த ஓர் இரவு, கராஜுக்குள் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. தட்டிலிருந்து ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துப் படுத்துவிட்டோம். காலையில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் உறுமுகிறது, கதவு ஒரு சாண் எழும்பி நின்றுவிடுகிறது. மோட்டார் பழசாகிவிட்டது, இன்னும் பலமானதாக வாங்கிப் பூட்டுவோம் என்கிறார் இவர். பக்கத்து வீட்டு அண்ணையோ சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் முடிந்தது என்கிறார். கார் உள்ளே அகப்பட்டு நிற்கிறது. வீட்டில் வயதான மாமியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

— வாசகி, மார்க்கம், ஒன்ராறியோ

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதலில் மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அவசரத்தில் யாராவது இன்னொரு தடவை பொத்தானை அழுத்தினால், கெடாத மோட்டாரும் கெட்டுப்போகும். பிறகு வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குப் போகும் வாசலில் நின்றபடி, கதவுக்கு மேலே சுவரில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். கதவின் அகலத்துக்கு ஓர் இரும்புத் தண்டு ஓடும். அதைச் சுற்றி ஒன்றோ இரண்டோ தடித்த ஸ்பிரிங் இருக்கும். நல்ல ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றையொன்று நெருங்கி, இடைவெளி தெரியாமல் இருக்கும். உங்களுடையதில் எங்காவது இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு வெளி தெரியும் என்றே நினைக்கிறேன். இரவில் நீங்கள் கேட்டது அது முறிந்த சத்தம்.

கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். வீண் செலவும் விபத்தும் இந்த எண்ணத்திலிருந்தே தொடங்குகின்றன. பதினாறு அடி அகலமும் ஏழு அடி உயரமும் கொண்ட, குளிர்காப்பு அடைத்த உருக்குக் கதவு எண்பது கிலோ வரும். சில கதவுகள் நூறையும் தாண்டும். மேலே தொங்குகிற மோட்டாரோ பெரும்பாலும் அரை அல்லது முக்கால் குதிரைவலு. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்தான். கதவு இறங்கும்போது அது முறுக்கேறுகிறது. ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, இரண்டு ஓரத்துக் கேபிள்களையும் சுற்றி இழுத்துக் கதவை உயர்த்துகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் துலாவைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். வாளித் தண்ணீரின் பாரத்தைத் துலாவின் மறுமுனை வாங்கிக்கொள்ளும். இறைப்பவரின் கை அதற்கு வழிகாட்டினால் போதும். மோட்டார் செய்வதும் அந்தக் கையின் வேலைதான்.

ஆகவே இவர் சொல்வதுபோல் பலமான மோட்டாரைப் பூட்டினால், முழுப் பாரமும் அதன் தலையில் விழும். மோட்டார் பிடிக்கிற இடத்தில் மேல் பலகை வளையும், அல்லது உள்ளே இருக்கிற நைலோன் பல்சக்கரம் தேயும். அதைவிடக் கவலையான விடயம் ஒன்று இருக்கிறது. கதவு எதிலாவது தட்டுப்பட்டால் நின்று திரும்பவேண்டும் என்பதற்காகவே மோட்டாரின் இழுவிசைக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். உங்கள் மோட்டார் ஒரு சாணோடு நின்றதும் அந்தப் பாதுகாப்பினால்தான். பாரமான கதவை எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று அந்த எல்லையைக் கூட்டி வைத்தால், பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டில் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பக்கத்து வீட்டு அண்ணை நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். சிவப்புக் கயிறு மின்சாரம் நின்றுபோகிற நேரத்துக்கானது. ஸ்பிரிங் நன்றாக இருந்தால், கயிற்றை இழுத்தபின் கதவை ஒரு கையாலேயே உயர்த்தலாம். ஸ்பிரிங் முறிந்த பிறகு அதே கதவைத் தூக்கினால் தூக்கிய உயரத்தில் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. உறைபனியில் ஒருவரின் கால் சறுக்கினால் நூறு கிலோ நேராக இறங்கும். கதவு பாதியில் நிற்கும்போது அந்தக் கயிற்றை இழுப்பது இன்னும் ஆபத்து. உங்கள் கதவு மூடியபடி இருப்பதே இப்போதைக்கு நல்லது. திருத்த வருபவர் அதை முறையாக உயர்த்தி, தடத்தில் பூட்டுக் கொளுவி, காரை முதலில் வெளியே எடுத்துத் தருவார்.

அதுவரை ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. குளிருக்கு இஞ்சினைச் சற்றுச் சூடாக்கி வைப்போம் என்று மூடிய கராஜுக்குள் காரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜிலிருந்து அது படுக்கையறை வரைக்கும் வரும். கராஜ் ஒட்டிய வீடுகளில், படுக்கையறைகளுக்கு அருகே அதைக் கண்டறியும் அலாரம் இருக்கவேண்டும் என்பது 2014 ஒக்ரோபரிலிருந்து ஒன்ராறியோவில் சட்டம். மாமியின் அறைப் பக்கத்தில் இருக்கும் அலாரத்தின் பற்றரியை இன்றைக்கே பாருங்கள்.

ஏன் குளிர் இரவில் முறிந்தது? சாதாரண ஸ்பிரிங்குகளுக்கு 10,000 தடவை என்று ஆயுள் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். ஒரு தடவை திறந்து மூடினால் ஒன்று. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்குமாக நாளுக்கு நாலு தடவை ஓடினால் ஏழு வருடத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். களைத்துப்போன உருக்கு குளிரில் மேலும் நொறுங்கும் தன்மை கொள்கிறது. அதோடு, கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் நிற்கும். எனவே யாரும் தொடாத நள்ளிரவில் அது முறிவது வழக்கமான விடயம்தான்.

ஸ்பிரிங் மாற்றுவது எப்படி என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். இவர் அதைப் பார்த்துக் கை வைக்க நினைத்தால் தயவுசெய்து தடுங்கள். முறுக்கு ஏற்றுவதற்கென்றே அளவான இரும்புக் கம்பிகள் உண்டு. அவற்றுக்குப் பதிலாக ஸ்குரூடிரைவரைச் செருகியவர்களின் மணிக்கட்டும் பல்லும் உடைந்திருக்கின்றன. கேபிள் வந்து கதவின் அடியில் மாட்டுகிற இரும்புத் தகட்டின் ஆணிகளையும் தொடக்கூடாது. கதவை இழுக்கிற விசை முழுவதும் அங்கேதான் நிற்கிறது. வீட்டு வேலைகளைத் தாமே செய்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வேலைக்கு ஆள் கூப்பிடுங்கள்.

வருபவரிடம் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும், ஏனென்றால் மற்றதற்கும் அதே வயதுதான். 20,000 அல்லது 25,000 தடவை தாங்கும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று விலை கேளுங்கள்; பல வருடம் இருக்கப்போகிற வீடு என்றால் அதற்குக் கொடுக்கிற மேலதிகக் காசு வீண்போகாது. வேலை முடிந்ததும் மோட்டாரிலிருந்து கதவைப் பிரித்து, பாதி உயரத்தில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது விழாமல், மேலேயும் ஓடாமல் அங்கேயே நிற்கவேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல், வந்ததும் வராததுமாக மோட்டார் போய்விட்டது என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

வெடிச்சத்தம் எதுவும் கேட்காமலே கதவு நின்றுபோனவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர்களுடைய கோளாறு பெரும்பாலும் காசில்லாமல் தீரும். கதவு திறக்கிறது, மூட மறுத்து மேலே திரும்புகிறது, மோட்டார் விளக்கும் மின்னி மின்னி எரிகிறது என்றால், நிலத்திலிருந்து சுமார் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு பக்கமும் இருக்கிற சென்சர் கண்களைப் பாருங்கள். அமெரிக்கா 1993இல் இவற்றைக் கட்டாயமாக்கியது. இங்கே விற்கும் மோட்டார்களும் இவற்றோடுதான் வருகின்றன. சிலந்தி வலை, சாய்ந்து நிற்கும் தும்புத்தடி, காரிலிருந்து உதிர்ந்த பனிக்கட்டி, பிள்ளையின் சைக்கிள் இடித்துக் கண் திரும்பியது, இவற்றில் ஒன்றாக இருக்கும். மாலை வெயில் நேராக அடித்தாலும் கண் கூசும். துடைத்து, ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி திருப்புங்கள். இரண்டின் சிறு விளக்குகளும் நடுங்காமல் எரியவேண்டும்.

சுவர்ப் பொத்தான் வேலை செய்து ரிமோட் மட்டும் வேலை செய்யாவிட்டால் பற்றரியை மாற்றுங்கள், சுவர்ப் பொத்தானில் உள்ள பூட்டு அமத்துப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக எல்ஈடி மின்குமிழ் போட்ட பிறகு ரிமோட் கிட்டப் போனால்தான் வேலை செய்கிறதென்றால், அந்தக் குமிழைக் கழற்றிப் பாருங்கள். சில மலிவான குமிழ்கள் ரிமோட்டின் அலைவரிசையைக் குழப்பும். மோட்டார் ஓடியும் செயின் அசையாவிட்டால் பல்சக்கரம் தேய்ந்திருக்கும்; மூடியைத் திறந்தால் வெள்ளைத் தூள் கொட்டிக் கிடக்கும். செயின் ஓடியும் கதவு அசையவில்லையா? யாரோ சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டிருக்கலாம்.

நம் குளிர்காலத்துக்கே உரிய இன்னொன்று, கதவின் அடி ரப்பர் நிலத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்வது. பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ரப்பர் கிழியும். கொதிநீர் ஊற்றினால் அடுத்த மணித்தியாலத்தில் அதுவே மறுபடி உறையும். தலைமுடி காயவைக்கும் கருவியால் ஓரமாகச் சூடு காட்டி, பிளாஸ்ரிக் சுரண்டியால் விடுவித்து, நிலத்தைத் துடைத்துவிடுங்கள். ரப்பருக்குச் சிலிக்கோன் ஸ்பிரே அடித்துவைத்தால் அடுத்த தடவை அவ்வளவு ஒட்டாது.

உங்கள் வீட்டுக் கதவு திருத்தியானதும், பிள்ளைகள் அதன் கீழே போய்வரத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். நாலு சென்ரிமீற்றர் தடிப்பான மரத்துண்டொன்றைக் கதவு வந்து இறங்கும் இடத்தில் கிடையாக வைத்து மூடுங்கள். மரத்தைத் தொட்டதும் கதவு மேலே திரும்பவேண்டும். திரும்பாவிட்டால், வந்தவரைக் கொண்டே அதைச் சரிசெய்வித்த பிறகு மட்டும் மோட்டாரைப் பாவியுங்கள்.